ஆஃப் செய்த மெஷினில் விரல் போவது எப்படி?

மசாலாத் தூளும் இட்லி மாவும் தயாரிக்கும் ஆலை ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார்: "உற்பத்தி ஓடும்போது எங்களிடம் விபத்தே இல்லை. அடைப்பு எடுக்கும்போதும் கழுவும்போதும்தான் விரல் நசுங்குகிறது. எல்லோரும் மெஷினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கை வைக்கிறார்கள். கையுறையும் கொடுத்திருக்கிறோம். பிறகு எங்கே தப்பு?"

ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மெஷின் நிற்கும். நின்ற மெஷின் மறுபடி நகராது என்பதற்கு அந்தப் பட்டன் உத்தரவாதம் இல்லை. நகர்வதற்கு நான்கு வழி இருக்கிறது. யாராவது தெரியாமல் ஸ்டார்ட் செய்யலாம். மெஷினே தானாகத் தொடங்கலாம். உள்ளே தேங்கி நிற்கும் விசை வெளிப்படலாம். கடைசியாக, வேலை செய்பவர்களே கையால் சுற்றிவிடலாம். விபத்துக்குப் பிறகு நடக்கும் விசாரணையில் "யார் ஸ்விட்ச் போட்டது?" என்ற முதல் வழியை மட்டுமே தேடுகிறார்கள். மற்ற மூன்றுக்கும் ஆலையில் எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. உங்கள் ஆட்கள் ஆஃப் செய்த பிறகும் அடிபடுகிறார்கள் என்றால் அந்த மூன்றில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது வழியைப் பவுச் பேக்கிங் மெஷினில் தொடங்குவோம். தூள் பறக்கும் இடம். போட்டோ சென்சார் கண்ணில் மிளகாய்த்தூள் படிந்தால் ஃபிலிமில் உள்ள மார்க் தெரியாமல் மெஷின் நின்றுவிடும். பார்ப்பவருக்கு அது நின்ற மெஷின். உண்மையில் அது சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. ஆபரேட்டர் ஒரு கையால் சீலிங் ஜாவில் (பவுச்சைச் சூட்டால் அழுத்தி ஒட்டும் தாடை) ஒட்டிய ஃபிலிமைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் சென்சாரைத் துணியால் துடைக்கிறார். கண்ணாடி தெளிந்த நொடியில் சிக்னல் போகும், ஜா மூடும். 63 மி.மீ. விட்டமுள்ள ஏர் சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் தள்ளும் விசை ஏறக்குறைய 190 கிலோ எடைக்குச் சமம். ஜாவின் சூடு 150 டிகிரி அளவில் இருக்கும். நசுங்கலும் தீக்காயமும் ஒரே விரலில் சேர்ந்து விழும். தோல் வெந்துபோவதால் பின்னால் தைத்து ஒட்டுவதும் கடினமாகிவிடும்.

கரண்ட் போவதும் இதே வகைதான். மின்தடையின்போது "இப்பத்தான் சும்மா நிக்குது" என்று கை விடும் பழக்கம் எல்லா ஆலைகளிலும் உண்டு. காண்டாக்டர் (மின்காந்தத்தால் பிடிக்கும் ஸ்விட்ச்) வைத்த ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் திரும்பினாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். ஆனால் டில்டிங் கிரைண்டர், தேங்காய் துருவி, சின்ன மிக்சர் போன்றவற்றில் இருப்பது நேரடி ரோட்டரி ஸ்விட்ச். ஆன் நிலையிலேயே விட்டிருந்தால் கரண்ட் வந்ததும் ஓடும். ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகும் பேனல் இருந்தால் சில நொடியிலேயே வந்துவிடும். இந்த மெஷின்கள் ஒவ்வொன்றுக்கும் நோ-வோல்ட் ரிலீஸ் (கரண்ட் போனதும் தானே ஆஃப் ஆகும் அமைப்பு) உள்ள ஸ்டார்ட்டர் மாட்டுங்கள். பெரிய செலவில்லாத மாற்றம் இது. முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

மூன்றாவது வழிதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. மெயினையே இறக்கிப் பூட்டினாலும் இந்த விசை உள்ளேயே இருக்கும்.

சரக்கைப் பக்கெட்டுகளில் மேலே தூக்கும் பெல்ட் எலிவேட்டரின் அடிப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பெட்டியில் சரக்கு சோக் ஆகி பெல்ட் நின்றுவிட்டது. ஏறும் பக்கத்துப் பக்கெட்டுகள் நிரம்பி இருக்கின்றன, இறங்கும் பக்கம் காலி. ஒரு பக்கெட்டில் 1 கிலோ, ஏறும் பக்கம் 50 பக்கெட் என்று வைத்தால் 50 கிலோ ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அதைப் பின்னால் ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பது அடிப்பெட்டியில் அடைந்திருக்கும் சரக்குதான். அந்தச் சரக்கைக் கையால் தோண்டி எடுக்க எடுக்க, பிடிப்பைத் தளர்த்திக்கொண்டே வருகிறோம். ஒரு கட்டத்தில் பெல்ட் சட்டென்று பின்னோக்கி ஓடும்; பக்கெட் விளிம்புக்கும் அடிப்பெட்டியின் தகட்டுக்கும் நடுவில் கை இருக்கும். மேலே ஹெட் ஷாஃப்டில் பின்னோட்டத் தடை பொருத்தியிருந்தாலும் தேய்ந்திருக்கக்கூடும், அதை மட்டும் நம்பக் கூடாது. மெயினைப் பூட்டிய பிறகு ஏறும் பக்க இன்ஸ்பெக்‌ஷன் கதவைத் திறந்து, பெல்ட்டை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து சி-கிளாம்பால் இறுக்கி, கட்டையைக் கேசிங்கில் முட்டக் கொடுங்கள். அதன்பின் அடிப்பெட்டியின் ஸ்லைடைத் திறந்து நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால் வாருங்கள். கிளாம்ப் போட்ட பிறகும் கை உள்ளே போக வேண்டியதில்லை. வேலை முடிந்து கிளாம்பைக் கழற்றும்போதும் பெல்ட் நகரக்கூடும். அதனால் ஸ்லைடை மூடிய பிறகே கிளாம்பைக் கழற்ற வேண்டும்.

காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனுக்குக் கீழே, சுழன்றபடி தூளை வெளியே விடும் ரோட்டரி வால்வு இதைவிட மோசம். ஆறு அல்லது எட்டு இறக்கைகள் உள்ள ரோட்டர். இறக்கை முனைக்கும் உடலுக்கும் மயிரிழை இடைவெளிதான். ஒரு போல்ட்டோ, இறுகிய மிளகாய்க் கட்டியோ மாட்டினால் நின்றுவிடும். மோட்டார் ட்ரிப் ஆகும்வரை இழுத்திருப்பதால் செயின் விறைத்து நிற்கும். கியர் பாக்ஸ் பின்னால் சுழலாத வகையாக இருந்தால் அந்த இழுவிசை அங்கேயே அடைபட்டிருக்கும். கீழிருந்து கை விட்டுக் கட்டியை அசைத்ததும் ரோட்டர் ஒரு துள்ளு துள்ளும். எட்டு இறக்கை ரோட்டரில் ஓர் அறை 45 டிகிரி. விரலைத் துண்டிக்க அதில் பாதி போதும். சரியான வரிசை இது: மெயினைப் பூட்டி, செயின் கவரைக் கழற்றி, மோட்டார் பேஸ் போல்ட்டைத் தளர்த்திச் செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து இறக்குங்கள். பிறகு ஷாஃப்ட் முனையில் ஸ்பானர் போட்டு ரோட்டரைப் பின்பக்கமாகத் திருப்புங்கள். பெரும்பாலான அடைப்பு அதிலேயே விழுந்துவிடும். விழாதவற்றைக் கொக்கியால் எடுக்கும் முன் ரோட்டர் அறையில் ஒரு கட்டையை ஆப்பாகச் செருகுங்கள்.

இட்லி மாவுத் தொட்டிக்கு அடியில் ஏர் ஆக்சுவேட்டர் வைத்த பட்டர்ஃபிளை வால்வு இருந்தால் அங்கே விதி தலைகீழ். அது பெரும்பாலும் காற்றில் திறந்து ஸ்பிரிங்கில் மூடும் வகை. காற்றை நிறுத்துவதே அதை மூடச் செய்யும். ஒருவர் திறந்திருக்கும் வால்வுக்குள் விரல் விட்டு ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பாதுகாப்பு என்று நினைத்து ஏர் லைனை மூடுகிறார். வட்டு ஸ்பிரிங் விசையோடு திரும்புகிறது. காற்றை நிறுத்து என்று பொதுவாக எழுதி ஒட்டிய போர்டு இங்கே ஆளைக் காயப்படுத்தும். இந்த வால்வுக்குக் கிளாம்பைக் கழற்றி வால்வையே லைனிலிருந்து எடுத்து, மேசைமேல் வைத்து பிரஷ்ஷால் கழுவ வேண்டும் என்பதே விதியாக இருக்கட்டும். கழற்றும் முன் காற்றை இறக்கி வட்டு மூடிய நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

அரைத்துத் தூளாக்கும் பல்வரைசர் பற்றி நீண்டு சொல்ல ஏதுமில்லை. சுத்தியல் ரோட்டர் அதிக வேகத்தில் சுற்றுவது. ஆஃப் செய்தபின் முழுதாக நிற்க நிமிடக் கணக்கில் ஆகும். சத்தம் அடங்கியதும் நின்றுவிட்டது என்று கதவைத் திறக்கிறார்கள். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து, அதோடு பாதி கூட்டி, கதவின்மேல் பெயின்ட்டில் எழுதுங்கள். புது மெஷின் வாங்கினால் ரோட்டர் நிற்கும்வரை திறக்காத கதவுப் பூட்டோடு கேளுங்கள்.

நான்காவது வழியில் கரண்டே தேவையில்லை. வி-பெல்ட் மாற்றும்போது மோட்டாரைத் தளர்த்தச் சோம்பி, பெல்ட்டைப் புல்லி விளிம்பில் வைத்து மறு கையால் சுற்றி ஏற்றுவார்கள். பெல்ட்டுக்கும் புல்லிக் காடிக்கும் நடுவில் விரல் நுழைய அரைச் சுற்று போதும். மெயின் இறக்கியிருக்கும், பூட்டும் தொங்கும், விரல் மட்டும் போகும். மோட்டார் ஸ்லைடு போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை உள்ளே தள்ளி, பெல்ட் தானாக உட்காரும் அளவுக்கு இடம் விடுங்கள். பிறகு இழுத்து டென்ஷன் வையுங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் உள்ள நீளத்தில் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் 1.6 மி.மீ. அழுங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு, 500 மி.மீ. நீளத்துக்கு 8 மி.மீ. ஷாஃப்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் புல்லியின் வெளிமுகத்தில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுங்கள். பெல்ட்டையோ செயினையோ பிடித்து இழுத்துச் சுற்றக் கூடாது. இரண்டு பேர் வேலை செய்தால், விரல் உள்ளே இருப்பவர் வாய் திறந்து "சுத்து" என்று சொல்லாமல் மற்றவர் தொடக் கூடாது. ஃபிட்டர் ஒரு பக்கம், ஹெல்பர் மறுபக்கம், நடுவில் மெஷின் மறைக்கிறது என்ற நிலையில் இது மிகவும் முக்கியம்.

இனி பூட்டுவது பற்றி. சிறிய ஆலைகளில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு. எண்ணம் நல்லது. ஆனால் வேறொரு கட்டையை எடுத்துச் செருக யாராலும் முடியும். மெயின் ஸ்விட்ச் கைப்பிடியில் பூட்டு மாட்டும் துளை இருக்கும், இல்லையென்றால் எம்சிபிக்கு மேல் மாட்டும் லாக் கிளிப் கிடைக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, அதற்கு ஒரே சாவி, அந்தச் சாவி அவர் பையில். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பல பூட்டு மாட்டும் ஹாஸ்ப் வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரிடம் மாற்றுச் சாவிக் கொத்து இருக்கும் ஏற்பாடு, அவசரத்தில் ஒருநாள் உள்ளே ஆள் இருக்கும்போதே திறக்கப்படும்.

பூட்டிய பிறகு செய்யும் சோதனையைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், ஓடக் கூடாது. பேனலில் பெயர் மாற்றி எழுதிய ஸ்விட்சுகள் இருக்கும் ஆலைகளில் தவறான மெஷினைப் பூட்டியது இதில்தான் தெரியவரும். அழுத்திப் பார்த்தபின் செலக்டரை ஆஃப் நிலைக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டைத் திறந்து மெயினை ஏற்றும்போது மெஷின் ஓடும். வயரில் கை வைக்கும் வேலை என்றால் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் போதாது. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து மீட்டர் சரி என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸையும் ஒன்றுக்கொன்றும் எர்த்துக்கும் அளந்து, மீண்டும் கரண்ட் உள்ள இடத்தில் மீட்டரைச் சரிபாருங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவ் உள்ள பேனலில் உள்ளே கபாசிட்டர் சார்ஜ் வைத்திருக்கும். பல டிரைவ்களின் கவரிலேயே 5 நிமிடம் காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கும், அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதன்படி. டிரைவ் ஸ்டாப் ஆனதோ எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தியிருப்பதோ மின்சாரத்தைத் துண்டித்ததாக ஆகாது. இரண்டும் கட்டளையை நிறுத்துபவை மட்டுமே. காற்று லைனில், மூடியதும் மெஷின் பக்கக் காற்றைத் தானே வெளியேற்றும் வால்வு வேண்டும், அதிலும் பூட்டுத் துளை இருக்க வேண்டும். சாதாரணப் பந்து வால்வை (ball valve) மூடினால் உள்ளே 6 பார் அப்படியே நிற்கும். கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் சில சிலிண்டர்களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் காற்று சிக்கியிருக்கும், அதனால் ஜா, கத்தி போன்றவற்றுக்குக் கீழே முட்டுக்கட்டை வைத்துவிட்டுக் கை விடுங்கள்.

இவ்வளவையும் ஐந்து நிமிட அடைப்புக்காக யார் செய்வார்கள் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. திட்டமிட்ட பெரிய பராமரிப்புக்குப் பர்மிட் எழுதுகிறார்கள், பூட்டுகிறார்கள். ஷிஃப்டுக்குப் பத்து முறை வரும் அடைப்புக்கு யாரும் எழுதுவதில்லை. மெயின் ஸ்விட்ச் 40 மீட்டர் தள்ளி பேனல் அறையில் இருந்தால் உலகத்தில் எந்தப் பயிற்சியும் ஆபரேட்டரை அங்கே நடக்கவைக்காது. அடிக்கடி அடையும் மெஷினுக்குக் கை நீட்டும் தூரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு லோக்கல் ஐசோலேட்டரும், பக்கத்திலேயே தொங்கும் பூட்டும், அந்த மெஷினுக்கென்றே செய்த கொக்கிக் கம்பியும் வையுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஐசோலேட்டர் வந்தால் முதலில் ஸ்டாப், பிறகு ஐசோலேட்டர் என்ற வரிசை முக்கியம். ஓடும்போது திறந்தால் டிரைவ் பழுதாகக்கூடும். கொக்கிக் கம்பியின் கைப்பிடியில் வளையம் வேண்டாம். கம்பியை மெஷின் இழுத்தால் கை விட்டுவிட வேண்டும், வளையத்தில் விரல் மாட்டிக்கொள்ளக் கூடாது. எந்த மெஷின் எத்தனை முறை அடைகிறது என்று ஒரு மாதம் ஷிஃப்ட் புத்தகத்தில் குறித்தாலே, காம்பு நீக்காத மிளகாய், ஈரம் காயாத மல்லி, தேய்ந்த ஸ்க்ரூ என்று காரணம் வெளியே வரும். காரணத்தைச் சரிசெய்த மெஷினில் கை விடவே வேண்டியிருக்காது.

கழுவும் ஆட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. ஃபிட்டருக்குப் பூட்டு கொடுக்கும் ஆலைகளும் இரவு ஷிஃப்ட் முடிவில் கழுவும் ஒப்பந்தப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. மெஷினுக்குள் அதிக நேரம் கை வைத்திருப்பது அவர்கள்தான். கன்வேயர் பெல்ட்டை ஓடவிட்டுக்கொண்டே துணியால் துடைக்கச் சொல்வதும் நடக்கிறது. உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் துணி போனால் விரலும் கூடவே போகும், சேலை முந்தானையும் அப்படித்தான். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 22ஆம் பிரிவிலேயே, ஓடும் இயந்திரத்தில் ஆய்வும் எண்ணெய் இடுதலும் தவிர்க்க முடியாதபோது தனிப்பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, இறுக்கமான உடை அணிந்தவர் மட்டுமே செய்யலாம் என்று இருந்தது. 24ஆம் பிரிவு, தற்செயலாக ஆன் நிலைக்கு நகரக்கூடிய துண்டிப்புச் சாதனத்தைப் பூட்டி வைக்க வழி இருக்க வேண்டும் என்றது. ஆக, இவை ஆலைகளுக்குப் புதிய கோரிக்கைகளே அல்ல. உருளையைச் சுற்றித் துடைக்க வேண்டியிருந்தால் நிறுத்தித் தெரியும் பகுதியைத் துடைத்து, கையை வெளியே எடுத்து, அழுத்தியிருக்கும்வரை மட்டும் ஓடும் இன்ச்சிங்கில் கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, மீண்டும் துடைக்க வேண்டும். இன்ச்சிங் பட்டன் துடைப்பவர் கையிலேயே இருக்கட்டும், விட்டதும் நிற்கும் வகையாக. கழுவுபவர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய பூட்டு கொடுங்கள், எப்படி மாட்டுவது என்று அவர்கள் கையால் மாட்டவைத்துக் காட்டுங்கள்.

காப்பு மூடியின் கம்பி வலையையும் ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 13857 தரத்தின் கணக்குப்படி 12 முதல் 20 மி.மீ. திறப்பு என்றால் ஆபத்தான பகுதி குறைந்தது 120 மி.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். 40 மி.மீ.க்கு மேல், 120 மி.மீ. வரை உள்ள திறப்பில் கை தோள் வரை போகும் என்பதால் 850 மி.மீ. தேவை. ரோட்டரி வால்வின் வாய்க்குக் கீழே 200 மி.மீ. நீளக் குழாய் மட்டும் இருப்பது எவ்வளவு போதாது என்பது இதில் தெரியும். கதவு இன்டர்லாக் ஸ்விட்சை மாதம் ஒருமுறை வெறும் மெஷினை ஓடவிட்டுச் சோதியுங்கள்: திறந்ததும் நிற்க வேண்டும், மூடியதாலேயே ஓடிவிடக் கூடாது, ஸ்டார்ட் அழுத்திய பிறகே ஓட வேண்டும். சாதாரணக் காந்த ஸ்விட்சை ஒரு காந்தத் துண்டால் ஏமாற்றிவிடுகிறார்கள். கழுவும் தண்ணீர் இறங்கியும் ஸ்விட்ச் கெடும். தன் ஜோடித் துண்டை மட்டுமே அறியும் கோடட் வகையை எளிதில் ஏமாற்ற முடியாது, தண்ணீருக்கு, அழுத்தத்தில் பீய்ச்சும் சூடான நீரைத் தாங்கும் ஐபி69கே தரம் பாருங்கள்.

கையுறை கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். சுழலும் ஷாஃப்ட், செயின், உருளைப் பக்கத்தில் கையுறை ஆபத்து. கிழியாமல் கையையும் சேர்த்து இழுக்கும். மோதிரம், வளையல், மணிக்கட்டுக் கயிறும் அப்படித்தான். கத்தியைக் கழற்றி மாட்டும்போது மட்டும் வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம், ஏனென்றால் நின்ற கத்தியும் வெட்டும். கையுறைகளுக்கான இஎன் 388 குறியில் வெட்டுத் தரம் ஏ (குறைவு) முதல் எஃப் (அதிகம்) வரை ஓர் எழுத்தாக இருக்கும். காய்கறி வெட்டும் மெஷின் கத்திக்கு டி அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். கழற்றிய கத்தியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்காமல் மூடிய பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டும்.

கடைசியாக, அடிபட்டுவிட்டால். ரோலரில் கை சிக்கியிருக்கும்போது பதறி ரிவர்ஸில் ஓட்டாதீர்கள். இரண்டாவது முறை நசுங்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டையோ உருளையையோ தளர்த்தி, இடைவெளி உண்டாக்கி எடுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் நேராக அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள், வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலில் தொங்கும் விரலை அறுத்துவிடக் கூடாது. துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ லேசாக அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையைத் தண்ணீரும் ஐஸும் கலந்த டப்பாவில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, ஃப்ரீசரில் வைக்கவும் கூடாது. குளிரில் வைத்த விரலை மறுபடி பொருத்துவதற்கான அவகாசம் கொஞ்சம் நீளும். மணிக்கட்டோடு போனால் தசை இருப்பதால் சில மணி நேரமே. அதனால் முதலில் கிடைத்த கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல், கை நுண் அறுவை செய்யும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து நேராகக் கொண்டுபோங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கோவையில் கங்கா மருத்துவமனையிலும் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து, எண்ணை 108க்குப் பக்கத்தில் பேனல் கதவில் எழுதிவையுங்கள். கிரீஸ் கன்னோ ஹைட்ராலிக் ஹோஸோ பீய்ச்சி விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரிந்தாலும் அதே வேகத்தில் கொண்டுபோக வேண்டும். முதல் ஒரு மணி நேரம் வலியே இல்லாமல் இருக்கலாம். உள்ளே போன எண்ணெய் தசைநார் உறை வழியாகப் பரவிக்கொண்டிருக்கும், அதைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும். மருத்துவரிடம் "எண்ணெய் பிரஷரில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள், கிரீஸ் டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.